படகு பாட்டு செட்டுக்கு எந்த ஸ்பீக்கர் ஒயர்? கட்டுப்படியாகும் விலையில் வேண்டும் (காசிமேடு)

காசிமேட்டுத் தம்பி | ஏப்ரல் 20, இரவு 9.40

வணக்கம். சித்தப்பாவின் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்துக்காகக் கரையேறி நிற்கிறது. ஜூன் 14 வரைக்கும் நேரம் இருக்கிறது. என்ஜின், பெயிண்ட், வெல்டிங் எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டு செட்டு மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.

செட்டு வீல் ஹவுஸுக்குள் (சுக்கான் பிடிக்கும் அறை) இருக்கிறது. உள்ளே 2 ஸ்பீக்கர், ஒயர் ஆளுக்கு 3 மீட்டர் வரும். பின்தளத்தைப் பார்த்து வெளியே 2 ஸ்பீக்கர், வளைவு நெளிவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 11 மீட்டர். எல்லாமே 4 ஓம், 50 வாட்.

போன வருஷம் ஓர் ஆள் வந்து, கண்ணாடி மாதிரி உறையில் ஒரு பக்கம் சிவப்புக் கோடு போட்ட ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பொங்கல் வந்தபோது இடது பக்கப் பின் ஸ்பீக்கர் கரகரத்தது, மாசியில் ஊமையாகிவிட்டது. முனையை வெட்டிப் பார்த்தேன். பச்சைக் களிம்பு. இன்னும் ஒரு சாண் உள்ளே வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், விரலில் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது.

படகுக்கென்றே விற்கும் ஒயரின் விலையைக் கேட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவே இல்லை. வீட்டு ஒயர் போட்டால் தாங்குமா? எத்தனை கனம் வேண்டும்?

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 20, இரவு 10.25

தம்பி, அந்தப் பழைய ஒயரில் நல்லா இருக்கிற இடமாகப் பார்த்து ஓர் இழையை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே என்ன நிறம்? அதைச் சொன்ன பிறகு பேசலாம்.

காசிமேட்டுத் தம்பி | ஏப்ரல் 21, காலை 7.10

சுரண்டினேன் அண்ணே. மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. ஆனால் அட்டையில் காப்பர் என்றுதான் போட்டிருந்தது.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 21, காலை 8.05

நினைத்தேன். அது செம்பு முலாம் போட்ட அலுமினியம். ஒரே கனத்தில் செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் தடை காட்டும். வீட்டு ஹாலில் போட்டால் யாருக்கும் தெரியாது, ஓடிவிடும். கடலில் கதை வேறு. அலுமினியமும் செம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் தன்னைத்தானே தின்றுகொள்ளும். உங்கள் கையில் உதிர்ந்த மாவு அதுதான்.

இனி வாங்கும்போது கடையில் ஒரு சாண் துண்டு கேளுங்கள். ஓர் இழையைப் பிரித்து லைட்டர் நெருப்பில் காட்டுங்கள். செம்பு சிவந்து, கறுத்து, அப்படியே நிற்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், முனை சுருண்டு தொங்கிவிடும். நெருப்பு காட்டக் கடைக்காரர் விடவில்லை என்றால் எடை. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை உறை உரித்தால் மீட்டருக்குச் சுமார் 22 கிராம் நிற்கும். முலாம் ஒயர் அதில் பாதிகூட வராது. மீன் தராசில் நிறுக்காதீர்கள், தெரிந்த அடகுக் கடை இருந்தால் அங்கே போங்கள் :)

பெரம்பூர் ஆடியோ | ஏப்ரல் 21, மதியம் 1.30

பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்றால் ஆக்சிஜன் நீக்கிய செம்பு, 12 கேஜ் (சுமார் 3.3 சதுர மி.மீ.), அதற்குக் குறைந்து போகாதீர்கள். 11 மீட்டர் என்பது சின்ன தூரம் இல்லை. மெல்லிய ஒயரில் பேஸ் எல்லாம் வழியிலேயே செத்துவிடும். முனைக்குத் தங்க முலாம் பிளக் போட்டுவிடுங்கள்.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 21, மாலை 6.50

பெரம்பூர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு போட்டே பார்த்துவிடலாம். 11 மீட்டர் என்றால் போக வர 22 மீட்டர் கம்பி.

0.75 சதுர மி.மீ. போட்டால் தடை சுமார் 0.5 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் 1 டெசிபல் சத்தம் போகும். 1.5 போட்டால் கால் ஓம், அரை டெசிபல். 2.5 போட்டால் 0.15 ஓம், அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேல். டீசல் என்ஜின் தடதடக்க, பின்தளத்தில் வலை இழுக்கும் ஆளுக்கு அரை டெசிபல் வித்தியாசம் தெரிந்தால் அவருக்குக் கடலில் வேலையே இல்லை, ஸ்டுடியோவுக்கு அனுப்பலாம்.

ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் சாதா நல்ல செம்புக்கும் மின்கடத்துவதில் வித்தியாசம் ஒரு சதவீதம் இருந்தால் அதிகம். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது. தங்க பிளக் உப்புக் காற்றில் எத்தனை நாள் பளபளக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பெரம்பூர் ஆடியோ | ஏப்ரல் 21, இரவு 9.15

தங்க பிளக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கனத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒயர் தடை ஸ்பீக்கர் தடையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்கள் எல்லோரும் பிடிக்கிற கணக்கு. 4 ஓமுக்கு 0.2 ஓம். உங்கள் கணக்கிலேயே 1.5 தேறவில்லை, 2.5 தான் தேறுகிறது.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 21, இரவு 9.32

சரி, பின்தளத்துக்கு 2.5. அதில் சண்டை இல்லை. உள்ளே இருக்கும் 3 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. போதும் என்றால் ஒத்துக்கொள்வீர்களா?

பெரம்பூர் ஆடியோ | ஏப்ரல் 21, இரவு 9.34

ம். போதும்.

திருவொற்றியூர் நண்டு | ஏப்ரல் 22, காலை 5.20

என் வழியைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஃபைபர் படகு. வீட்டுக்குப் போடுகிற பல இழைச் செம்பு ஒயர்தான் போடுகிறேன், 1.5. வருஷா வருஷம் தடைக்காலத்தில் பழசை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு இழுப்பேன். பழைய செம்பு காயலான் கடையில் எடைக்குப் போகிறது, கொஞ்சம் காசு திரும்பி வரும். அரை நாள் வேலை. எதற்கு விலை கூடிய ஒயர்?

ஒன்று மட்டும் சொல்வேன். ஒற்றைக் கம்பியாக வரும் ஒயரைப் போட்டுவிடாதீர்கள். படகு ஆடுகிற ஆட்டத்தில் முனையில் ஒடிந்துவிடும்.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 22, காலை 8.40

நண்டு அண்ணன் வழியில் தப்பில்லை, 4 மீட்டர் ஒயர் உள்ள படகுக்கு. தம்பி படகில் 28 மீட்டர் ஓட்டம், அதுவும் சீலிங் தகட்டுக்கு மேலே. அதை வருஷா வருஷம் கழற்றி மாட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஈயம் பூசிய செம்பு ஒயருக்கு மெனக்கெடுவது ஏன் என்றால், அம்மாவிடம் கேளுங்கள், பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசினார்கள் என்று. பூசாத பாத்திரத்தில் புளி வைத்தால் மறுநாள் களிம்பு. அதே கதைதான். இங்கே ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாக ஈயப் பூச்சு இருக்கும். பூச்சு இல்லாத ஒயரில் முனையில் படும் உப்புத் தண்ணீரை இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உள்ளே இழுத்துக்கொண்டே போகும். அதனால்தான் தம்பி சாண் சாணாக வெட்டியும் கறுப்பு முடியவில்லை.

காசிமேட்டுத் தம்பி | ஏப்ரல் 22, மதியம் 12.15

புரிகிறது அண்ணே. ஆனால் ஈயம் பூசியது கிடைக்கவும் இல்லை, கிடைத்த இடத்தில் விலையும் ஒத்துவரவில்லை. ரிச்சி தெருவில் 4 கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் என்னை மேலும் கீழும் பார்த்து "எதுக்கு?" என்றார்கள். படகுக்கு என்றதும் விலை ஏறியது மாதிரி ஒரு சந்தேகம்.

ஒயர் கடை மகள் | ஏப்ரல் 22, மாலை 4.05

அப்பாவுக்கு எலெக்ட்ரிக்கல் கடை, தண்டையார்பேட்டைப் பக்கம். கல்லாவில் உட்கார்ந்து பழகியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

படகு ஒயர், ஸ்பீக்கர் ஒயர் என்று கேட்காதீர்கள். சோலார் ஒயர் கேளுங்கள்.

மாடியில் சோலார் தகடு வைப்பவர்கள் தகட்டிலிருந்து கீழே இழுக்கும் டி.சி. ஒயர். அது ஈயம் பூசிய செம்பு, மெல்லிய பல இழை, இரண்டு அடுக்கு உறை. வெயில், மழை இரண்டிலும் 25 வருஷம் கிடக்கட்டும் என்று செய்தது. சிவப்பு, கறுப்பு என்று தனித்தனியாக வரும், ஸ்பீக்கருக்கும் அதுதானே வேண்டும். 4 சதுர மி.மீ. எல்லாக் கடையிலும் இருக்கும், சில கடையில் 2.5 கூட இருக்கும். இப்போது வீட்டுக்கு வீடு சோலார் போடுவதால் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, மீட்டர் கணக்கிலும் வெட்டித் தருவோம். விலை கேட்காதீர்கள், செம்பு விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, இன்று எழுதினால் அடுத்த வாரம் வந்து என்னைத் திட்டுவீர்கள். படகுக்கென்று பெட்டியில் வரும் ஒயரைவிடக் கணிசமாகக் குறைவு, அது மட்டும் உறுதி.

உறையின் மேல் இ.என். 50618 என்ற எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் ஈயப் பூச்சு கட்டாயம். கவனம், சோலாருக்கு அலுமினிய ஒயரும் சந்தையில் இருக்கிறது. அலுமினியமும் வெள்ளை, ஈயப் பூச்சும் வெள்ளை. மேலே ஒயர்மேன் அண்ணா சொன்ன பிளேடு சோதனையை இங்கே தலைகீழாகப் படியுங்கள். மேலே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு நிறம் வர வேண்டும்.

வீட்டு ஒயர்தான் வாங்குவேன் என்றால் இழையை எண்ணுங்கள். 1.5 என்றால் 0.3 மி.மீ. இழை 22, அல்லது 0.25 இழை 30 இருக்க வேண்டும். உறையைத் தடியாகப் போட்டுக் கம்பியை ஒல்லியாக்கி விற்பது பழைய வித்தை.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 22, மாலை 5.30

அடடா. 10 வருஷமாக மாடி மாடியாக இந்த ஒயரை இழுக்கிறேன், படகுக்கு எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். 4 சதுர மி.மீ. போட்டால் 22 மீட்டருக்குச் சுமார் 0.1 ஓம்தான் வரும். பெரம்பூர் சாரும் தூங்கலாம்.

ஒரு சிக்கல், அந்தத் தடி ஒயர் ஸ்பீக்கரின் காதில் நேராக ஏறாது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு சாண் மெல்லிய, ஈயம் பூசிய ஒயர் வால் விட்டு, ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுங்கள்.

இணைப்புதான் உயிர், தம்பி. முறுக்கி டேப் சுற்றுவது கடலில் கூடாது. சால்ட்ரிங் மட்டும் நம்பினால் ஈயம் முடிகிற இடத்தில் ஆட்டத்தில் ஒடியும். நல்ல கிரிம்பிங் கட்டிங்பிளேயரை (வீட்டில் இருக்கும் சாதா கட்டிங்பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது) வாடகைக்காவது வாங்கி லக் (ஒயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோகக் காது) அடியுங்கள். அதன் மேல், சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப், உள்ளே பசை உள்ளது. சூடு காட்டும்போது இரு முனையிலும் பசை ஒரு மணி மாதிரி பிதுங்கி வர வேண்டும். வந்தால்தான் அடைத்தது என்று அர்த்தம். பசை இல்லாத டியூப் வெறும் சட்டை.

சிலிக்கான் பூசுவதாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் வேண்டாம், அந்த அமிலமே செம்பைத் தின்னும். எம்-சீல் போட்டு அமுக்கிவிடலாம் என்று உங்கள் சித்தப்பா சொல்வார். போட்டால் அடுத்த முறை உளியால்தான் திறக்க வேண்டும்.

ஸ்பீக்கருக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். குழாய்க்குள் விட்டால் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஓர் ஓட்டை போடுங்கள்.

பழைய ஸ்ராங்கு | ஏப்ரல் 23, காலை 6.45

எல்லாரும் ஒயரைப் பற்றியே பேசுகிறீர்கள். திசைகாட்டியை யாராவது நினைத்தீர்களா?

ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பது காந்தம். ஜி.பி.எஸ். எல்லாம் வராத காலத்தில், வீல் ஹவுஸ் பலகையில் ஒரு பையன் ஸ்பீக்கர் கொண்டுவந்து வைத்தான், திசைகாட்டிக்கு ஒரு முழம் தள்ளி. ராத்திரி முழுக்க நேராகப் பிடித்து வந்தேன் என்றுதான் நினைத்தேன். விடியும்போது எதிரே பழவேற்காடு கலங்கரை விளக்கம். காசிமேட்டில் ஏலம் முடிந்து மத்தியானம் வந்து சேர்ந்தோம். அந்தப் பையன் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வேறு தெருவில் போவான்.

ஒரு மீட்டராவது தள்ளி வை தம்பி. வைக்கும்போதும், வைத்த பிறகு செட்டைப் போட்டும் நிறுத்தியும், முள் அசைகிறதா பார். திசைகாட்டிப் பக்கமாகப் போகும் பேட்டரி ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி இழு.

வி.எச்.எஃப். ரேடியோவின் ஏரியல் ஒயரோடும், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் ஒயரோடும் பாட்டு ஒயரைச் சேர்த்துக் கட்டாதே. சில ஆம்பிளிஃபயர் ஓடும்போது 16-ஆம் சேனலில் உஷ் என்று ஒரே இரைச்சல். ஒருவன் உதவி கேட்டுக் கூப்பிட்டால் காதில் விழாது. பாட்டு அப்புறம்.

காசிமேட்டுத் தம்பி | ஏப்ரல் 23, இரவு 8.20

ஐயா, திசைகாட்டிக்கு ஒன்றரை அடியில் இருக்கிறது எங்கள் ஸ்பீக்கர். நாளைக்கே இடம் மாற்றுகிறேன்.

இன்று பழைய ஒயரை முழுசாக உருவினேன். இன்னொன்று கண்ணில் பட்டது. பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் சிவப்பு ஒயர் மட்டும்தான் செட்டு வரைக்கும் போகிறது. கறுப்பு ஒயரை அங்கேயே படகு இரும்பில் ஒரு திருகு போட்டு முடுக்கிவிட்டிருக்கிறார்கள். படகு இரும்புதான். ஒயர் மிச்சம் பிடித்தார் போல.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 23, இரவு 8.31

ஐயோ. இந்தக் காலத்து கார் செட்டு, ஆம்பிளிஃபயர் பெரும்பாலும் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்சாரம் தருபவை. ஒரு முனையைப் படகு உடம்போடு சேர்த்தால் உள்ளே இருக்கும் சில்லு போய்விடும். இடது பக்கம் ஊமையானது ஒயரால் மட்டும் இல்லை போலிருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் ஒன்றைச் செட்டிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். இரும்புப் படகில் உடம்பு வழியே மின்சாரம் ஓடவிடுவது தகட்டுக்கும் அரிப்பு.

பேட்டரி பக்கத்தையும் சொல்லிவிடுங்கள். 12 வோல்ட்டா, 24-ஆ?

காசிமேட்டுத் தம்பி | ஏப்ரல் 23, இரவு 9.50

செட்டில் இடது பின் சேனல் செத்துத்தான் இருக்கிறது :(

இரண்டு பேட்டரி, சேர்த்து 24. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 எடுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் செட்டுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது.

எண்ணூர் ஒயர்மேன் | ஏப்ரல் 24, காலை 7.55

அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போயிருக்குமே? ஒன்று இறங்கிக்கொண்டே போகும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஏறிச் சூடாகும், இரண்டும் கெடும். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஃபியூஸ் செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் செட்டைத்தான் காப்பாற்றும். நடுவழியில் ஒயர் உரசி இரும்பில் பட்டால் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை பழுக்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு ஃபியூஸ் வேண்டும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பின்னாளில் பெரிய ஆம்பிளிஃபயர் வைப்பதாக இருந்தால் ஸ்பீக்கர் ஒயரைவிட அதன் பவர் ஒயர்தான் முக்கியம். 40 ஆம்பியர் இழுக்கும் ஆம்பிளிஃபயருக்கு 5 மீட்டர் தூரம் 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் செட்டு அணைந்து எரியும். 16 போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

காசிமேட்டுத் தம்பி | ஜூலை 6, இரவு 10.10

இந்தப் பழைய பேச்சு இழையைத் தூசி தட்டுகிறேன். வேலை முடிந்து, படகு 2 முறை கடலுக்குப் போய் வந்துவிட்டது.

பின்தளத்துக்கு சோலார் ஒயர், 4 சதுர மி.மீ., சிவப்பு 24, கறுப்பு 24 மீட்டர். பாரிமுனையில் வாங்கினேன். ஒயர் கடை மகள் சொன்னபடி எண்ணைப் பார்த்து, பிளேடால் சுரண்டி, உள்ளே செம்பு நிறம் பார்த்த பிறகுதான் காசு எடுத்தேன். கடைக்காரர் "எந்த ஊர் தம்பி, நகை வாங்குற மாதிரி பாக்குற" என்றார். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு நண்டு அண்ணன் வழி, சாதா 1 சதுர மி.மீ. செம்பு. லக், பசை டியூப், கன்வெர்ட்டர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்தும் படகு ஒயருக்கு முதலில் கேட்ட விலையைத் தாண்டவில்லை. வேறு செட்டும் வாங்க வேண்டியதாகிவிட்டது, அது தனிச் செலவு.

மாட்டி முடித்த அன்று சத்தம் வந்தது, பேஸ் வரவில்லை. பெரம்பூர் சார் சொன்னது சரியோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். ஒரு பென்டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுப் பார்த்தேன். வலது ஸ்பீக்கர் காகிதம் வெளியே தள்ளியது, இடது உள்ளே இழுத்தது. வால் ஒயரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி அடித்திருக்கிறேன். பசை டியூப் போட்ட பிறகு! வெட்டிப் புது லக் அடித்தேன்.

ஸ்பீக்கர் இப்போது திசைகாட்டியிலிருந்து நாலரை அடி. முள் அசையவில்லை. 16-ஆம் சேனல் சுத்தமாக இருக்கிறது ஐயா.

பழைய ஸ்ராங்கு | ஜூலை 7, காலை 5.50

நல்லது தம்பி. மழைக்காலம் முடிந்ததும் ஓர் இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு இங்கே படம் போடு.

பெரம்பூர் ஆடியோ | ஜூலை 7, காலை 9.20

பேஸுக்கு நான் காரணம் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். அந்தப் பழைய செட்டை என்ன செய்தீர்கள்?

காசிமேட்டுத் தம்பி | ஜூலை 7, இரவு 8.45

சித்தி எடுத்துக்கொண்டு போய் மீன் கடையில் மாட்டிவிட்டாள் சார். ஒரு பக்கம்தான் பாடும். மார்க்கெட் சத்தத்தில் அதுவே அதிகம் என்கிறாள்.